54 சதவீதத்தை வைத்துக்கொண்டு முதலீட்டு வங்கிக்குள் நுழைய முடியுமா?

கேள்வி: திருச்சியில் பி.காம். படித்தேன். 54 சதவீதம்தான் வந்தது. இரண்டாம் ஆண்டில் அப்பா நோயில் விழுந்தபோது நான்கு அரியர். பிறகு எல்லாவற்றையும் எழுதித் தேறிவிட்டேன். பிளஸ் டூவில் 91 சதவீதம். இரண்டு ஆண்டுகளாக ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வேலை. வயது 23. முதலீட்டு வங்கித் துறையில் சேர ஆசை. என் மதிப்பெண்ணுக்கு அது நடக்குமா? சென்னையில் ஒரு பயிற்சி நிலையம் ஆறு மாதச் சான்றிதழ் படிப்புக்கு 1.2 லட்சம் ரூபாய் கேட்கிறது. வேலை உறுதி என்கிறார்கள். சேரலாமா? ரெஸ்யூமேயில் சதவீதத்தை எழுதாமல் விட்டுவிடலாமா?

பதில்: பயிற்சி நிலையத்தை முதலில் பார்த்துவிடுவோம், உங்கள் கேள்விகளில் பணம் போகக்கூடிய இடம் அதுதான். சேர வேண்டாம்.

‘முதலீட்டு வங்கி வேலை’ என்ற ஒரே பெயரில் இங்கே இரண்டு வேறு வேலைகள் உலவுகின்றன. ஒரு நிறுவனம் பங்குச் சந்தைக்கு வரும்போதும், இன்னொன்றை வாங்கும்போதும், பெரிய முதலீடு திரட்டும்போதும் பக்கத்தில் இருந்து மதிப்பைக் கணக்கிட்டு, ஆவணம் தயாரித்து, முதலீட்டாளர்களைத் தேடிக் கொண்டுவருவது ஒன்று. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியின் மொழியில் இதைச் செய்பவர் ‘மெர்ச்சன்ட் பேங்கர்’. இந்த வேலையின் தலைநகரம் மும்பை. மற்றது, வெளிநாட்டு வங்கிகள் சென்னை, பெங்களூரு, புனே போன்ற நகரங்களில் வைத்திருக்கும் பெரிய அலுவலகங்களில் நடப்பது: முடிந்த வர்த்தகங்களில் பணமும் பத்திரமும் சரியாகக் கைமாறினவா என்று பொருத்திப் பார்ப்பது, வாடிக்கையாளர் ஆவணங்களைச் சரிபார்ப்பது. கௌரவமான வேலைதான், சம்பளமும் மோசமில்லை. ஆனால் அங்கிருந்து முதல் வகைக்குத் தாவுவது கடினம். நிலையத்தின் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். செட்டில்மென்ட் (பணமும் பத்திரமும் கைமாறுவது), கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் ஆவணச் சரிபார்ப்பு), ரீகன்சிலியேஷன் (கணக்குகளைப் பொருத்திப் பார்ப்பது) என்று நிறைந்திருந்தால் அது இரண்டாம் வகை வேலைக்கான பயிற்சி. அந்த வேலைதான் வேண்டும் என்றாலும், இரண்டு ஆண்டு கணக்கு அனுபவம் உள்ள நீங்கள் நேராகவே விண்ணப்பிக்கலாம்.

இனி மதிப்பெண். நான் ஒரு மெர்ச்சன்ட் பேங்கிங் நிறுவனத்தில் இருந்தபோது விண்ணப்பங்களைக் கழித்துக்கட்டும் வேலையைப் பல முறை செய்திருக்கிறேன். ஓர் இடத்துக்கு முந்நூறு விண்ணப்பங்கள் கிடக்கும். சாயங்காலத்துக்குள் அவை பதினைந்தாக வேண்டும். கை தானாக மதிப்பெண் இருக்கும் வரிக்குத்தான் போகும். 54 என்று பார்த்ததும் ‘இவருக்கு அறிவில்லை’ என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. முடிவு கட்டவே அங்கே நேரம் கிடையாது. குவியலில் ஒருவராக நிற்கும் இடத்தில் உங்கள் மதிப்பெண் உங்களை வெளியே தள்ளும். குவியல் இல்லாத இடத்தில், ஒரு மனிதர் உட்கார்ந்து உங்களிடம் பேசும் இடத்தில், அதன் கனம் வெகுவாகக் குறையும். ஆகவே பெரிய வெளிநாட்டு வங்கிகளின் இணையதளப் படிவங்களை நிரப்பிக்கொண்டு இந்த ஆண்டைக் கழிக்காதீர்கள்.

குவியல் இல்லாத இடம் எது? சிறு, நடுத்தர நிறுவனங்கள் பங்கு வெளியிடுவதற்காகவே மும்பைப் பங்குச் சந்தையும் தேசியப் பங்குச் சந்தையும் 2012இல் தனித் தளங்களைத் தொடங்கின. அங்கே வரும் நிறுவனங்களுக்குத் துணைநிற்பவை பெரும்பாலும் பத்து, இருபது பேர் வேலை செய்யும் சிறிய மெர்ச்சன்ட் பேங்கிங் நிறுவனங்கள். பதிவுபெற்ற எல்லோருடைய பட்டியலும் முகவரியோடு செபி இணையதளத்தில் இருக்கிறது.

அங்கே நீங்கள் எதைக் காட்டுவது? ஜி.எஸ்.டி. வேலையை ஏதோ குமாஸ்தா வேலை போலக் கடிதத்தில் ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். பங்கு வெளியிட வரும் ஒரு சிறு நிறுவனம் ‘எங்கள் விற்பனை 80 கோடி’ என்று சொன்னால், மெர்ச்சன்ட் பேங்கர் அதை அப்படியே நம்பிக் கையெழுத்திட முடியாது. மாதாமாதம் தாக்கல் செய்த ஜி.எஸ்.டி.ஆர்.-3பி படிவங்களை அடுக்கிக் கூட்டி, கணக்குப் புத்தகத்து விற்பனையோடும் வங்கியில் வந்த பணத்தோடும் ஒப்பிட வேண்டும். மார்ச் மாதத்தில் மட்டும் விற்பனை ஏன் பொங்கியது, ஏப்ரலில் ஏன் அத்தனை கிரெடிட் நோட்டு (விற்ற தொகையைக் குறைத்து எழுதித் தரும் சீட்டு), வாங்குபவரும் விற்பவரும் ஒரே குடும்பமா என்றெல்லாம் துருவ வேண்டும். பெயர் பெற்ற மேலாண்மைக் கல்லூரியிலிருந்து வந்த பையன்கள் இந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அது அன்றாடப் பாடு. ரெஸ்யூமேயின் முதல் நான்கு வரிகள் இதைப் பற்றியே இருக்கட்டும்: எத்தனை நிறுவனங்கள், எந்தெந்தத் தொழில்கள், எந்த மாதிரி முரண்பாட்டைக் கண்டுபிடித்தீர்கள் என்று. வாடிக்கையாளர் பெயர் மட்டும் வரக்கூடாது.

ஓர் எச்சரிக்கை. இந்தச் சிறிய மெர்ச்சன்ட் பேங்கிங் நிறுவனங்கள் எல்லாமே நேர்மையானவை என்று சொல்ல மாட்டேன். போவதற்கு முன் செபி இணையதளத்தின் உத்தரவுகள் பகுதியில் அந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். கெட்ட பெயர் எடுத்த இடத்தில் வாங்கிய அனுபவம் பிறகு கழுவினாலும் போகாது.

இதற்கு இணையான வேறு வாசல்களும் உண்டு. பெரிய தணிக்கை நிறுவனங்களின் நிறுவன மதிப்பீட்டுப் பிரிவுகள், கடன் வாங்கும் நிறுவனங்களின் திருப்பிச் செலுத்தும் திறனை எடைபோடும் கிரிசில், இக்ரா, கேர் போன்ற தரமதிப்பீட்டு நிறுவனங்கள். அங்கும் மதிப்பெண் கேட்பார்கள். ஆனால் உள்ளே இருக்கும் ஒருவர் பரிந்துரைத்தால் படிவம் தாண்டிப் போகும். உங்கள் ஆடிட்டருக்குத் தெரிந்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

நேர்முகத்துக்குத் தயாராக ஒரே ஒரு ஆவணத்தை முழுதாகப் படிக்கச் சொல்வேன். ஹூண்டாய் மோட்டார் இந்தியா 2024 அக்டோபரில் சந்தைக்கு வந்தது. நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலை வைத்திருக்கும் அதே நிறுவனம். 27,870 கோடி ரூபாய், அதுவரை இந்தியாவில் வந்தவற்றில் மிகப் பெரியது. டி.ஆர்.எச்.பி. எனப்படும் அதன் வரைவு ஆவணம் செபி தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள்; ஒரு மாதம் ஆகட்டும். புதிய பங்கு ஒன்றுகூட வெளியிடப்படவில்லை, கொரியத் தாய் நிறுவனம் தன் பங்கைத்தான் விற்றது. அப்படியென்றால் திரண்ட பணம் யாரிடம் போனது? பெயரையும் தொழில்நுட்பத்தையும் பயன்படுத்துவதற்காகத் தாய் நிறுவனத்துக்குக் கட்டும் ராயல்டி ஏன் அபாயங்கள் பட்டியலில் இருக்கிறது? இந்த இரண்டுக்கும் உங்கள் சொந்த வார்த்தையில் பதில் சொல்ல முடிந்தால், எதிரில் இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

கணக்கில் ஒரு பழைய கேள்வி எப்படியும் வரும்: தேய்மானம் 100 ரூபாய் கூடினால் லாப நட்டம், பணப்பாய்வு, ஐந்தொகை என்ற மூன்று அறிக்கைகளிலும் என்ன மாறும்? வரி 25 சதவீதம் என்று வையுங்கள். வரிக்கு முந்தைய லாபம் 100 குறையும், வரி 25 குறையும், நிகர லாபம் 75 குறையும். தேய்மானத்தில் பணம் வெளியே போவதில்லை என்பதால் பணப்பாய்வு அறிக்கையில் அந்த 100ஐத் திரும்பக் கூட்டுவோம். கையிருப்பு 25 உயரும். ஐந்தொகையில் ஒரு பக்கம் சொத்து 100 குறைந்து பணம் 25 கூடுகிறது. மறுபக்கம் பங்குதாரர் நிதி 75 குறைகிறது. இரண்டு பக்கமும் சமம். மனப்பாடம் செய்தவரிடம் ‘வரி விகிதம் பூஜ்யம் என்றால்?’ என்று கேட்டால் திணறுவார். நீங்கள் போட்டுப் பாருங்கள்.

படிப்பு விஷயத்தில் உங்களுக்கு ஒரு சோகமான கணக்கு இருக்கிறது. சி.ஏ. படிப்பின் இரண்டாம் கட்டமான இன்டர்மீடியட்டில் நேராகச் சேர வணிகவியல் பட்டதாரிக்கு 55 சதவீதம் வேண்டும். ஒரு சதவீதத்தில் போயிற்று! ஆனால் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதி உள்ளே போகத் தடையில்லை, அதற்கு பிளஸ் டூ தேர்ச்சி போதும். ஆடிட்டரிடம் பெற வேண்டிய கட்டாயப் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப்பையும் இரண்டு ஆண்டாகக் குறைத்துவிட்டார்கள். சி.ஏ. முடித்தவரிடம் பி.காம். மதிப்பெண்ணை எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. மொத்தத்தில் நான்கு ஆண்டு பிடிக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். ஐ.ஐ.எம். என்றால், அதன் நுழைவுத் தேர்வான கேட் எழுதப் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம் போதும், எழுதலாம். ஆனால் பல ஐ.ஐ.எம்.கள் நேர்முகத்துக்கு அழைக்கும்போது பழைய மதிப்பெண்களையும் சேர்த்தே எடை போடுகின்றன. உங்கள் 91 கொஞ்சம் காப்பாற்றும். முதலீட்டு ஆய்வாளர்களுக்கான சர்வதேசத் தகுதித் தேர்வான சி.எஃப்.ஏ.வின் முதல் நிலைக்குக் கல்லூரி மதிப்பெண் எதுவும் பார்ப்பதில்லை, பட்டம் போதும். 180 கேள்விகள், வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம். கட்டணம் டாலரில், ரூபாயில் லட்சத்தை ஒட்டி வரும். முதல் நிலை முடித்ததுமே பெயருக்குப் பின்னால் சி.எஃப்.ஏ. என்று போட்டுக்கொள்ளாதீர்கள், அது விதிமீறல். எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், முதலில் வேலை மாற்றம், அங்கிருந்தபடியே சி.எஃப்.ஏ.

ரெஸ்யூமே விஷயம். 91ஐ எழுதி 54ஐ விட்டால் அந்த வெற்றிடமே கூவிக் காட்டிக்கொடுக்கும். இரண்டையும் எழுதுங்கள் அல்லது இரண்டையும் விடுங்கள். வேலை அனுபவம் உள்ளவர் கல்வியைக் கடைசியில் பட்டம், கல்லூரி, ஆண்டு என்று மட்டும் போடுவது வழக்கம்தான்; அதில் பொய் இல்லை. படிவத்தில் கேட்டால் 54 என்றே எழுத வேண்டும். 60 என்று எழுதிவிட்டு, சேர்ந்த பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டி வேலையிழந்தவர்கள் இருக்கிறார்கள். ஏன் குறைந்தது என்று கேட்டால், ‘இரண்டாம் ஆண்டில் அப்பாவுக்கு உடல்நலமில்லை, நான்கு பாடம் போயிற்று, பிறகு எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டேன்’ என்பதோடு நிறுத்துங்கள். கேட்காமல் நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

அந்த 1.2 லட்சத்தைக் கையில் வைத்திருங்கள். சிறிய நிறுவனத்தில் தொடக்கச் சம்பளம் குறைவாகவே இருக்கும்; சில இடங்களில் முதல் மூன்று மாதம் உதவித்தொகைதான். மும்பையில் தங்கும் விடுதிக்கு முன்பணம், சாப்பாடு, மின்சார ரயில் பாஸ் என்று எல்லாவற்றுக்கும் அது ஆகும்.