இளவரசர் முதல் ஓஸி வரை: ஆஸ்டன் வில்லாவின் பிரபல ரசிகர்கள் பற்றிக் கேள்வி பதில்

நான் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரக் கால்பந்து கிளப்பான ஆஸ்டன் வில்லாவின் ரசிகன் என்று தெரிந்தால் போதும், அடுத்த கேள்வி "இளவரசர் உங்க டீமாமே?" என்பதாகத்தான் இருக்கும். ஆட்டத்தைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. சரி, இந்த முறை பிரபலங்களைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்து குவிந்ததில் பதில் சொல்லத் தோன்றியவை இவை.

கேள்வி: அண்ணா, இளவரசர் வில்லியம் லண்டன்ல பிறந்தவர். செல்சியும் ஆர்சனலும் பக்கத்துலயே இருக்கும்போது பர்மிங்ஹாம் கிளப் எப்படி மாட்டுச்சு?

பதில்: 2015ல் பிபிசிக்காக முன்னாள் ஆட்டக்காரர் கேரி லினெக்கர் எடுத்த பேட்டியில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். பள்ளி நண்பர்கள் எல்லாரும் மான்செஸ்டர் யுனைடெட் இல்லாவிட்டால் செல்சி. கும்பலோடு போக இவருக்கு விருப்பமில்லை. பட்டியலின் நடுவில் கிடந்து, ஏறி இறங்கி உயிரை வாங்கும் ஒரு அணியைத் தேடியிருக்கிறார். கேட்டது கிடைத்தது, கொஞ்சம் அதிகமாகவே கிடைத்தது!

அவர் ஆரம்பத்தில் நேரில் பார்த்த ஆட்டங்களில் ஒன்று 2000ல் நடந்த எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் நடத்தும் போட்டி) அரையிறுதி. போல்டனை வில்லா பெனால்டியில் வென்றது. அரச குடும்பத்துக்கான தனி மாடத்தில் இல்லாமல் சாதாரண ரசிகர்களுக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்தாராம். இறுதிப் போட்டியில் வில்லா 1-0 என்று தோற்றது, அதுவும் செல்சியிடம். பள்ளி நண்பர்கள் அதற்குப் பிறகு எத்தனை நாள் ஓட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: அவர் இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தாரே. ஒரு கிளப்புக்கு ரசிகராக இருந்துகொண்டு நடுநிலையாக எப்படி இருக்க முடியும்?

பதில்: அது கௌரவப் பதவி. நடுவரை நியமிப்பது, தண்டனை கொடுப்பது எதுவும் அவர் கையில் இல்லை. ஆனால் கோப்பையைக் கையில் கொடுப்பது அவர் வேலை. அங்கேதான் வினை.

2015 மே 30, வெம்ப்ளி. எஃப்.ஏ. கோப்பை இறுதி, வில்லாவும் ஆர்சனலும். அரையிறுதியில் லிவர்பூலை 2-1 என்று சாய்த்துவிட்டு வந்திருந்ததால் நாங்கள் எல்லாம் மிதந்துகொண்டிருந்தோம். ஆர்சனல் பக்கம் வால்காட், சான்செஸ், மெர்டசாக்கர், கடைசி நேரத்தில் ஜிரூ என்று ஆளுக்கொரு கோல். 4-0. தன் அணியை இப்படித் துவைத்துக் காயப்போட்டவர்களுக்கே கைகுலுக்கி, சிரித்த முகத்தோடு கோப்பையையும் கொடுக்க வேண்டிய நிலைமை அவருக்கு. எனக்கு அந்தக் கொடுமை இல்லை. டிவியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

கேள்வி: இதெல்லாம் வெறும் இமேஜ் வேலை சார். "நானும் உங்களில் ஒருவன்" என்று காட்டிக்கொள்ள ஒரு கிளப். அவ்வளவுதான்.

பதில்: இமேஜுக்கு என்றால் ஜெயிக்கிற அணியாகப் பார்த்துப் பிடித்திருக்கலாமே. அந்தக் கோப்பை இறுதிக்கு அடுத்த சீசனைப் பாருங்கள். 38 ஆட்டம், 3 வெற்றி, 17 புள்ளி, கடைசி இடம், இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கம். ஒரு பிரபலம் நைசாகக் கழன்றுகொள்ள அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. யாரும் கேட்கக்கூட மாட்டார்கள்.

இவர் கழன்றுகொள்ளவில்லை. மூன்று சீசன் கீழே கிடந்தோம். மேலே ஏறுவதற்கான 2018 பிளே-ஆஃப் இறுதியில் ஃபுல்ஹாமிடம் தோற்றோம். 2019 மே மாதம் அதே வெம்ப்ளியில் டார்பியை 2-1 என்று வென்று மேலே வந்தோம். கடைசி விசில் ஊதியதும் வில்லியம் எழுந்து குதித்த காட்சியைத் தேடிப் பாருங்கள். பக்கத்தில் வில்லாவின் பழைய ஆட்டக்காரர் ஜான் கேர்ரு. நெறிமுறையெல்லாம் எங்கே போனதோ தெரியாது.

அதே ஆண்டு அக்டோபரில் நார்விச் மைதானத்துக்குக் குடும்பத்தோடு போனார். மகன் ஜார்ஜ் வில்லா சட்டையில். 5-1 வெற்றி. பையன் கையை உயர்த்திக் கத்தியதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, அடுத்த தலைமுறையும் மாட்டிக்கொண்டது. 2025 ஏப்ரலில் பாரிஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் கால் இறுதிக்கும் அப்பனும் மகனும் சேர்ந்தே போனார்கள். அங்கே 3-1 தோல்வி. திரும்பி வந்து சொந்த மைதானத்தில் 3-2 என்று வென்றும் மொத்தக் கணக்கில் ஒரு கோலில் போனது.

கேள்வி: டாம் ஹேங்ஸ் வில்லா ரசிகர் என்பது உண்மையா, வாட்ஸ்அப் கதையா?

பதில்: உண்மை. ஆனால் காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். பெயர் நன்றாக இருந்ததாம்! ஏதோ கடலோரத்தில் ஓய்வெடுக்கப் போகிற இடம் போலத் தோன்றியதாம். மைதானத்தைச் சுற்றிப் பழைய தொழிற்சாலைப் பகுதி, வரிசை வீடுகள். கடல் பார்க்க வேண்டுமென்றால் பல மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். பிறகு நேரில் சந்திக்கும் பிரிட்டிஷ் நிருபர்கள் எல்லாரும் வில்லாவைப் பற்றிக் கேட்க, மனிதரும் சளைக்காமல் பதில் சொல்லிச் சொல்லி அது நிலைத்துவிட்டது. இவரை ஆழமான ரசிகர் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன். விருந்தாளி. நல்ல விருந்தாளி.

கேள்வி: டேவிட் கேமரன் கதையைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுங்க ப்ரோ. மீம் மட்டும்தான் பார்த்திருக்கேன்.

பதில்: 2015 ஏப்ரல், தேர்தல் நேரம். பிரதமர் கேமரன் லண்டனில் கிராய்டனில் பேசுகிறார். பல இன மக்கள் சேர்ந்து வாழும் நாடு இது, ஒரே ஆள் மான்செஸ்டர் யுனைடெட்டையும் வெஸ்ட் இண்டீஸையும் பிரிட்டன் ஒலிம்பிக் அணியையும் ஆதரிக்கலாம் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நீங்கள் வெஸ்ட் ஹாமை ஆதரித்தால் எனக்கு இன்னும் சந்தோஷம் என்று ஒரு வரி கூடுதலாகப் போட்டார். அதுவரை ஊரெல்லாம் வில்லா ரசிகன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்! கேட்டதற்கு, மூளை ஒரு கணம் நின்றுவிட்டது என்றார்.

இரண்டு அணிக்கும் அரக்குச் சிவப்பும் வெளிர்நீலமும்தான் சட்டை. அதனால் குழம்பிவிட்டார் என்று முட்டுக்கொடுத்தவர்கள் உண்டு. இதில் இன்னொரு வேடிக்கை: அவருடைய மாமா முறையான வில்லியம் டக்டேல் 1970களில் வில்லா கிளப்பின் தலைவராகவே இருந்தவர். அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை வாய் தவறுவதா? உண்மையான ரசிகன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வேறு கிளப் பெயரைச் சொல்ல மாட்டான். என் தீர்ப்பு இதுதான், மேல்முறையீடு கிடையாது.

சட்டை நிறம் என்றதும் ஞாபகம் வந்தது. பர்ன்லி கிளப்பும் இதே நிறம்தான், வில்லாவைப் பார்த்து 1910ல் மாற்றிக்கொண்டது. மன்னர் சார்ல்ஸ் இளவரசராக இருந்தபோது 2012ல் தன் அணி பர்ன்லி என்றார். ஆக அரண்மனையில் அப்பா பிள்ளை இருவருக்கும் சட்டை ஒரே நிறம், சண்டை மட்டும் தனி.

கேள்வி: ராக் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் கடைசிக் கச்சேரியை ஏன் உங்க மைதானம் வில்லா பார்க்கில் வைத்தார்? பெரிய மைதானம் வேறு கிடைக்கவில்லையா?

பதில்: கிடைத்திருக்கும். ஆனால் 1948ல் பிறந்த அவர் வளர்ந்தது வில்லா பார்க் இருக்கும் ஆஸ்டன் பகுதியில். வளர்ந்த லாட்ஜ் ரோடு வீட்டிலிருந்து வில்லா பார்க்குக்கு நடந்தே போய்விடலாம். ஆட்ட நாளில் தெருவெல்லாம் கார் நிற்கும். "சார், காரைப் பார்த்துக்கட்டுமா?" என்று கேட்டுச் சில்லறை வாங்குவது அந்தத் தெருப் பையன்களின் தொழில். ஓஸியும் அதைச் செய்தவர்தான். உள்ளே போக டிக்கெட்டுக்குக் காசில்லாத பையன், வெளியே நின்று கார் காவல்.

அவர் பாடிய பிளாக் சப்பாத் இசைக்குழுவின் நால்வருமே அந்தச் சுற்றுவட்டாரத்து ஆட்கள். அவர்களில் கால்பந்துப் பைத்தியம் என்றால் பேஸ் கிட்டார் வாசித்த கீஸர் பட்லர்தான். அமெரிக்காவில் போய்க் குடியேறியும் வில்லா ஆட்டத்தை விடாத ஆள். 2025 ஜூலை 5 அன்று நால்வரும் இருபது ஆண்டுக்குப் பிறகு ஒரே மேடையில். மெட்டாலிகா, கன்ஸ் அண்ட் ரோஸஸ் எல்லாம் வந்து வாசித்துவிட்டுப் போன பிறகு, பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஓஸி கறுப்பு சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார். வந்த லாபம் பார்க்கின்சன் ஆய்வுக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் தீராத நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் ஏக்கார்ன்ஸ் என்ற அமைப்புக்கும் என்று அறிவித்திருந்தார்கள். இந்த ஏக்கார்ன்ஸ் பெயரை 2008 முதல் இரண்டு சீசன் வில்லா காசு வாங்காமல் சட்டையில் போட்டது. மற்ற கிளப்புகள் அந்த இடத்தைக் கோடிக்கு விற்றுக்கொண்டிருந்த காலம்.

கச்சேரி முடிந்து 17ஆம் நாள், ஜூலை 22ல், ஓஸி காலமானார்.

கேள்வி: கிரிக்கெட் ஆட்கள் யாராவது?

பதில்: இயன் பெல், கிறிஸ் வோக்ஸ். இருவரும் வார்விக்‌ஷயர். 2025 ஆகஸ்ட்டில் ஓவல் டெஸ்டில் தோள் நழுவிய கையை ஸ்வெட்டருக்குள் கட்டிக்கொண்டு இந்தியாவுக்கு எதிராகக் களமிறங்கினாரே, அந்த வோக்ஸ்தான். தோற்கப்போகிற நேரத்திலும் ஓடுவதற்கு வில்லா ரசிகனுக்குப் பயிற்சி தேவையில்லை.

கிளப்பே கிரிக்கெட்டில் பிறந்ததுதான். 1874ல் வில்லா கிராஸ் தேவாலயத்துக் கிரிக்கெட் அணிப் பையன்கள், குளிர்காலத்தில் பொழுது போகவில்லையே என்று கால்பந்து ஆரம்பித்தார்கள். முதல் ஆட்டத்துக்கு எதிரணி கிடைக்காமல் ஒரு ரக்பி அணியோடு ஆடினார்கள். முதல் பாதி ரக்பி விதி, இரண்டாம் பாதி கால்பந்து விதி. வில்லா 1-0 வெற்றி. கோல் எந்தப் பாதியில் விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை.

கேள்வி: அர்ஜென்டினா கோல்கீப்பர் எமி மார்ட்டினஸ் வில்லாவுக்கு வந்ததால் மெஸ்ஸியும் வில்லா ரசிகர்தானே?

பதில்: இல்லை தம்பி. கூட ஆடுபவன் வேலை பார்க்கும் இடத்துக்கெல்லாம் ரசிகராக வேண்டும் என்று சட்டமில்லை.

கேள்வி: நடிகர், இளவரசர் தவிர எழுத்தாளர், இசைக்கலைஞர் யாரும் இல்லையா?

பதில்: வயலின் கலைஞர் நைஜல் கென்னடி இருக்கிறார். சாஸ்திரிய இசை மேடையில் கோட்டு சூட்டோடு எல்லாரும் உட்கார்ந்திருக்க, இவர் வில்லா சட்டையில் வந்து நிற்பார். இங்கிலாந்து வங்கியின் முன்னாள் ஆளுநர் மெர்வின் கிங்கும் நம்ம ஆள்தான்.

எனக்கு மிகவும் பிடித்தவர் கவிஞர் பெஞ்சமின் செஃபனாயா. பக்கத்து ஹேண்ட்ஸ்வொர்த் பகுதிக்காரர், கரீபியக் குடும்பம். 2003ல் அரசு கொடுக்க முன்வந்த ஓ.பி.இ. (ஆர்டர் ஆஃப் தி பிரிட்டிஷ் எம்பயர்) விருதை, அதில் 'சாம்ராஜ்யம்' என்ற சொல் இருக்கிறது, அடிமை முறையை ஞாபகப்படுத்துகிறது என்று பகிரங்கமாக மறுத்தவர். 2023 டிசம்பரில் இறந்தார். அரச விருதை வேண்டாம் என்ற கவிஞரும் அரியணைக்கு அடுத்து நிற்பவரும் ஒரே கோலுக்குக் கத்தியிருக்கிறார்கள். கேமரன் குளறுபடியைவிட இதைத்தான் நாலு பேரிடம் சொல்லத் தோன்றும்.

கேள்வி: இவர்கள் யாராவது கிளப்பில் பணம் போட்டிருக்கிறார்களா, வேல்ஸ் கிளப் ரெக்ஸமுக்கு நடிகர் ரயன் ரெனால்ட்ஸ் போட்ட மாதிரி?

பதில்: இல்லை. 2018ல் எகிப்தின் நாசெஃப் சவிரிஸும் அமெரிக்காவின் வெஸ் ஈடன்ஸும் வாங்கினார்கள். இருவரும் தொழிலதிபர்கள். ரெனால்ட்ஸ் வகை வேறு. 2021ல் கிளப்பை வாங்கிய பிறகு ரசிகரானவர். எனக்கு உசத்தி பாடகர் எல்டன் ஜான்தான். சின்ன வயதிலிருந்தே வாட்ஃபோர்டு ரசிகர், 1976ல் தலைவரானார், அடுத்த ஆண்டு கிரஹாம் டெய்லரைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார். நாலாம் டிவிஷனில் இருந்த அணி 1983ல் முதல் டிவிஷனில் இரண்டாம் இடம். அதே டெய்லர் 1987ல் எங்களிடம் வந்து, இறங்கிக் கிடந்த வில்லாவை ஒரே ஆண்டில் மேலே ஏற்றினார். அந்த வகையில் எல்டன் ஜானுக்கு நாங்களும் கடன்பட்டிருக்கிறோம்.

கேள்வி: எதிரணி பர்மிங்ஹாம் சிட்டிக்குப் பிரபலங்களே கிடையாதா?

பதில்: உண்டு. நகைச்சுவைக் கலைஞர் ஜாஸ்பர் கேரட், 'பீக்கி பிளைண்டர்ஸ்' உருவாக்கிய ஸ்டீவன் நைட் இருவரும் பிறவி ரசிகர்கள். அமெரிக்கக் கால்பந்தின் டாம் பிரேடி 2023ல் சிறு பங்குதாரராகச் சேர்ந்தார். சேர்ந்த சீசனிலேயே மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். அடுத்த ஆண்டே 111 புள்ளியோடு திரும்பி ஏறினார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இந்த இரண்டு அணிகளும் மோதும்போது பிரபலத்தை யாரும் தேட மாட்டார்கள். 2019 மார்ச்சில் அவர்கள் மைதானத்தில், ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஒருவன் உள்ளே ஓடிவந்து எங்கள் ஆட்டக்காரர் ஜாக் கிரீலிஷை முகத்தில் குத்தினான். கிரீலிஷ் சின்ன வயதிலிருந்தே வில்லா ரசிகர். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா பில்லி காரட்டி 1905ல் வில்லாவோடு எஃப்.ஏ. கோப்பை வென்றவர். குத்து வாங்கியவர் எழுந்து ஆடி இரண்டாம் பாதியில் கோல் போட்டார். 1-0. கோல் அடித்த கையோடு நேராக வில்லா ரசிகர் கூட்டத்துக்குள் குதித்துவிட்டார்.