கேள்வி - பதில்: மேகக் கணிமையில் எந்த நோஎஸ்கியூஎல் தரவுத்தளம்?

கேள்வி: ஆர்டர் பதிவுகளை அமேசானின் டைனமோடிபியில் தேதியைப் பார்ட்டிஷன் கீயாக (பதிவு எந்தப் பகுதியில் சேரும் என்று தீர்மானிக்கும் மதிப்பு) வைத்துச் சேமிக்கிறோம். டேபிளுக்கு வினாடிக்கு 4,000 எழுதும் அலகுகள் ஒதுக்கியும் 'த்ராட்லிங்' பிழை (வரம்பு மீறியதால் கோரிக்கை மறுக்கப்படுவது) வருகிறது. மைக்ரோசாஃப்ட்டின் காஸ்மோஸ் டிபி அல்லது கூகுளின் ஃபயர்ஸ்டோருக்கு மாறலாமா?

பதில்: மாறினாலும் இந்தத் தலைவலி தீராது, கோளாறு கீயில் இருக்கிறது. இன்றைய ஆர்டர்கள் எல்லாம் ஒரே கீயில் குவிகின்றன. ஒரு பார்ட்டிஷன் (டேபிளின் ஒரு பகுதி) வினாடிக்கு 1,000 எழுதும் அலகுகள்தான் தாங்கும். ஓர் அலகு என்றால் 1 கிலோபைட் வரையிலான ஒரு பதிவு. மீதி 3,000 சும்மா கிடக்கிறது.

ஆர்டர் எண்ணையே கீயாக்குங்கள். தேதிவாரியாகப் படிக்க இன்டெக்ஸ் (வேறு கீயில் தேட உதவும் துணைப் பட்டியல்) போடும்போது வெறும் தேதியை வைக்காதீர்கள்: இன்டெக்ஸ் திணறினால் மூல டேபிளில் எழுதுவதும் தடைபடும். தேதியோடு 0 முதல் 9 வரை ஓர் எண்ணை ஒட்டி, படிக்கும்போது பத்தையும் கேட்டு இணையுங்கள். கொஞ்சம் அலுப்பான வேலைதான். ஃபில்டர் போட்டால் செலவு குறையும் என்றும் நம்ப வேண்டாம். படித்த பிறகுதான் அது வடிகட்டும்.

காஸ்மோஸிலும் ஒரு லாஜிக்கல் பார்ட்டிஷனுக்கு (ஒரே கீ கொண்ட பதிவுகளின் தொகுப்பு) 20 ஜிபி உச்சவரம்பு உண்டு. ஃபயர்ஸ்டோர், கைபேசியில் நேரலையாகவும் இணையம் இல்லாதபோதும் இயங்க வேண்டிய செயலிக்கு அருமை. ஆனால் படிக்கும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் கட்டணம். விதவிதமான அறிக்கைகள் தேவையென்றால் மாங்கோடிபியின் மேகச் சேவையான அட்லஸ் வசதி. ஓர் ஆவணத்தின் உச்ச அளவு டைனமோடிபியில் 400 கிலோபைட், அட்லஸில் 16 எம்பி.