வாட்டைக் கூட்டினால் தூரம் கூடுமா?

கேள்வி: எங்கள் விசைப்படகில் 25 வாட் வி.எச்.எஃப். (மிக உயர் அதிர்வெண்) வயர்லெஸ் இருக்கிறது. பக்கத்துப் படகு 20 கிலோமீட்டர் தள்ளிப் போனாலே பேச்சு அறுந்துவிடுகிறது. பவரைக் கூட்டலாமா?

பதில்: வேண்டாம். கடல் வி.எச்.எஃப்.க்கு 25 வாட்தான் உச்சவரம்பு. கூட்டியும் பெரிதாகப் பயனில்லை. 156 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவு மறைத்துவிடும். கடல்மட்டத்திலிருந்து இரு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் அளந்து, வர்க்கமூலங்களைக் கூட்டி 4.12-ஆல் பெருக்குங்கள், கிலோமீட்டர் வரும். இரண்டும் 4 மீட்டர் என்றால் 16.5தான். 9 மீட்டராக்கினால் 24.7.

உயர்த்தியும் எட்டவில்லையா? ஆன்டெனா கேபிளின் முனையைக் கழற்றிப் பாருங்கள். உப்புநீர் இறங்கிச் செம்பு பச்சை பூத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டு, ரப்பர் டேப்பை இறுகச் சுற்றுங்கள்.

சில நாள் குளிர்ந்த ஈரக்காற்றின்மேல் வெப்பக்காற்று படிந்து அலையைக் கடலோடு வளைத்துக் கொண்டுபோகும், நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் குரல் கேட்கும். அதை நம்பித் தொழிலுக்குப் போகாதீர்கள்.