துன்பத்திலும் சந்தோஷம் என்று கிறிஸ்தவர்கள் சொல்வது நிஜமா, நடிப்பா?

அடிபட்டாலும் நோய்ப்பட்டாலும் ‘ஆண்டவருக்குள் சந்தோஷமாக இருக்கிறேன்’ என்கிறார்களே, உள்ளுக்குள் உண்மையிலேயே அப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். நிஜமும் உண்டு, நடிப்பும் உண்டு. நானே நடித்திருக்கிறேன்.

விசுவாசத்துக்காக நான் ஒரு அடிகூட வாங்கியதில்லை. வெளியூரில் ஒரு வீட்டுக்காரர் என் பெயரைக் கேட்டதும் ‘வீடு காலியில்லை’ என்றார். அதைப் போய் உபத்திரவம் என்று சொல்ல எனக்கே கூச்சம். ஆனால் பிறந்தது கன்னியாகுமரி மாவட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பம், தேவசகாயத்தின் கதையைக் கேட்டு வளர்ந்தவள்.

தெரியாதவர்களுக்காக: 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் அதிகாரியாக இருந்தவர். வீட்டில் மாடு சாவதும் பயிர் அழிவதுமாக இழப்புக்கு மேல் இழப்பு. அப்போது அவரிடம் பேசியவர் டிலனாய். 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்த, டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்தவர். அவர் சொன்னது பைபிளில் வரும் யோபின் கதை, பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த நல்ல மனிதர் ஒருவரின் கதை. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், தேவசகாயம் என்ற பெயர். 1749இல் கைது. எருமைமேல் பின்பக்கமாக உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள் என்பது ஊரில் வழிவழியாகச் சொல்வது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தபோது எங்கள் ஊரில் வெடிச்சத்தம் ஓயவில்லை.

சின்ன வயதில் எனக்கு இதில் வீரம்தான் தெரிந்தது. பிறகுதான் ஒன்று உறைத்தது: டிலனாய் அவருக்குச் சொன்னது யோபின் கதையை! யோபு சிரித்துக்கொண்டே சகித்தவர் இல்லை. பிறந்த நாளையே சபித்தவர், கடவுளோடு வழக்காடியவர். ஆறுதல் சொல்லவந்த நண்பர்கள் ‘நீ ஏதோ தப்பு செய்திருக்கிறாய்’ என்று பக்தியாகப் பேசினார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுளுக்குக் கோபம் வருவது அந்த நண்பர்கள் மேல்தான். தேவசகாயத்தின் விசுவாசம் இந்தப் புலம்பலில் இருந்துதான் தொடங்கியது.

அப்புறம் எல்லோரும் எடுத்து நீட்டுகிற வசனம், ‘கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்’. (நான் திருமணமாகி வந்தது சிஎஸ்ஐ என்ற புராட்டஸ்டன்ட் சபைக் குடும்பத்துக்கு. கத்தோலிக்க பைபிளின் ‘மகிழ்ச்சி’யில் வளர்ந்து, இவர்கள் பைபிளின் ‘சந்தோஷ’த்துக்கு மாறியவள்.) இயேசுவின் தூதரான பவுல் அதைக் காவலில் இருந்துகொண்டு பிலிப்பி என்ற ஊர்ச் சபைக்கு எழுதினார். அதே கடிதத்தில், எப்பாப்பிரோதீத்து என்ற நண்பர் சாகக் கிடந்து பிழைத்ததைச் சொல்லும்போது, ‘துக்கத்தின்மேல் துக்கம்’ தனக்கு வராதபடி கடவுள் இரங்கினார் என்கிறார். அந்த நண்பர் இறந்திருந்தால் நொறுங்கிப்போயிருப்பேன் என்று ஒத்துக்கொள்கிற மனுஷன்தான் சந்தோஷப்படச் சொல்கிறார்.

அந்தப் பிலிப்பியில்தான் அவரும் உடன் ஊழியர் சீலாவும் அடிவாங்கி, கால் தொழுமரத்தில் மாட்டியிருக்க, நடுராத்திரியில் பாடினார்கள். பிரசங்கங்கள் பெரும்பாலும் பாட்டு, பூமியதிர்ச்சி, சிறைக்காவலன் மனம் திரும்பியது என்று முடித்துக்கொள்ளும். எனக்குப் பிடித்தது மறுநாள் காலை. ‘போகலாம்’ என்று அதிகாரிகள் சொல்லியனுப்புகிறார்கள். பவுல் நகரவில்லை. விசாரணை இல்லாமல் ரோமர்களான எங்களை வெளியரங்கமாய் அடித்துவிட்டு இப்போது ரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்கிறார். அவர்கள் வந்து கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்கள். ராத்திரி பாடியவர் காலையில் நியாயம் கேட்கிறார். ‘சந்தோஷமாகச் சகித்துக்கொள், புகார் கொடுக்காதே’ என்று அடிபட்டவரிடம் புத்தி சொல்பவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுகிறார்கள்.

சரி, நிஜ சந்தோஷம் எப்படி இருக்கும்? எனக்குத் தெரிந்தது அம்மாவிடம் பார்த்ததுதான்.

அம்மா ஓய்வுபெற்ற டீச்சர். மார்பில் புற்றுநோய் வந்து திருவனந்தபுரத்தில் கீமோ. மூன்றாவது ஊசி முடிந்து வீட்டில் படுத்திருந்தபோது ஜெபக்குழுவில் இருந்து ஒருவர் வந்தார். “டீச்சர், ஏன் முகம் இப்படி இருக்கு? எப்பவும் சந்தோஷமா இருக்கணும்னு வசனம் இருக்கே” என்றார். அம்மா “சரி” என்றார். அவர் போனதும் என்னிடம், “அந்தக் கதவைப் பூட்டு பிள்ளே.” நானும் அந்த வாரம் முழுக்க அம்மா முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தவள்தான்.

மறுநாள் மீன்காரம்மா வந்தார். வாசல்படியிலேயே கூடையை இறக்கி வைத்தார். மீன்வாடை பட்டாலே அம்மாவுக்குக் குமட்டும், அது அவருக்கும் தெரியும். விசாரிக்கத்தான் வந்திருந்தார். உள்ளே கட்டிலில் இருந்து அம்மாவின் குரல்: “சாளை என்ன விலை?” சொன்னார். “அநியாயம், குறை.” குறைத்தார். “இன்னும் குறை.” “வாங்கவும் மாட்டீங்க, விலையும் விடமாட்டீங்க, நல்ல டீச்சர்!” அம்மா சிரித்தார். இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு கொஞ்சம் அழுதார். மீன்காரம்மா மீன்கையைச் சேலையில் துடைத்துவிட்டு உள்ளே வந்து, கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஜெபம், வசனம் எதுவும் சொல்லவில்லை. அரைமணி நேரம் இருந்திருப்பார், வெயிலில் மீன் கெட்டுப்போகும் என்று நான்தான் பதறினேன்.

செபமாலையை மட்டும் அம்மா விடவில்லை. அதில் நாளுக்கு ஒரு தொகுப்பாக இயேசு, மரியாள் வாழ்க்கை நிகழ்ச்சிகளைத் தியானிப்பார்கள், மறையுண்மைகள் என்று பெயர். திங்கள்கிழமைக்கு மகிழ்ச்சி மறையுண்மைகள், செவ்வாய்க்குத் துயரம். ஊசி போட்ட திங்கள்கிழமை ராத்திரி வாந்திக்கு நடுவிலும் மகிழ்ச்சிதான் சொன்னார். “இன்னிக்குத் துயரம் சொன்னா என்ன?” என்று கேட்டேன். “அது நாளைக்கு.”

சிகிச்சை முடிந்து காற்றாடிமலைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அங்கே மணியடிச்சான் பாறை இருக்கிறது. கல்லால் தட்டினால் மணி போலச் சத்தம் வரும். அம்மா ஒரு சின்னக் கல்லை எடுத்துத் தட்டினார். கையில் பலமில்லை, மந்தமாகக் கேட்டது. கல்லை என்னிடம் நீட்டி, “நீ அடி, நான் கேக்கேன்” என்றார்.