எந்த மிஷின் கொல்லுதுனு பாருங்க: ஒரு வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஆரல்வாய்மொழி பக்கம் கரன்ட்டு எடுக்கற காத்தாடி (காற்றாலை) கம்பெனி ஒண்ணுல மெயின்டனன்ஸ் வேலைல இருக்கேன், பேரு போட வேணாம். காத்தாடில அடிபட்டு கழுகு சாகுதுன்னு நீங்க எழுதினத படிச்சேன். எங்க சூப்பர்வைசர்கிட்ட காட்டினா, பூனை கொல்ற பறவையில நூத்துல ஒரு பங்குகூட காத்தாடில சாகல, இதெல்லாம் நிலக்கரிக்காரங்க கிளப்பி விடுறதுங்கறாரு. காத்தாடி வேணுமா கழுகு வேணுமான்னு கேட்டா நான் என்னத்த சொல்ல, எங்களுக்கு இதுதான் சோறு. மிஷின் அடியில எப்பவாச்சும் பருந்து செத்துக் கெடக்கும், தூக்கி ஓரமா போட்டுட்டு போயிருவோம். எங்கள மாதிரி ஆளுங்க செய்ய இதுல ஏதாச்சும் இருக்கா சார்?

*

தம்பி,

உங்க சூப்பர்வைசர் சொல்ற கணக்கு சரிதான். அமெரிக்காவுல பூனைங்க வருஷத்துக்கு 130 கோடியிலேர்ந்து 400 கோடி பறவை வரைக்கும் கொல்லுதுன்னு 2013ல ஒரு ஆய்வு வந்துச்சு, காத்தாடி கணக்கு அதுக்குப் பக்கத்துலயே வராது. ஆனா பூனை புடிக்கிறது குருவி, மைனா அளவுல இருக்கறதத்தான், எந்தப் பூனையும் கோல்டன் ஈகிள்ங்கற பெரிய கழுக புடிக்காது. அந்தக் கழுகு முட்டை வெக்கிற வயசுக்கு வரவே நாலஞ்சு வருஷம் ஆகும், வெக்கிறது பெரும்பாலும் ரெண்டு முட்டை, பல கூட்டுல அதுலயும் ஒரு குஞ்சுதான் பறந்து வெளிய வரும். வளர்ந்த கழுகு ஒண்ணு செத்தா அந்த எடத்த நிரப்ப இன்னொண்ணு வளர்ந்து வரணும், அதுக்குள்ள இன்னும் ரெண்டு செத்துட்டா அந்தப் பக்கமே காலியாகும். எல்லாப் பறவையையும் ஒரே மூட்டையா கட்டி எண்ணினா இது கண்ணுக்கே தெரியாது.

கலிஃபோர்னியால ஆல்ட்டமான்ட் பாஸ்னு ஒரு கணவாய் இருக்கு. உங்க ஊரு மாதிரியே மலை இடுக்குல காத்து பிச்சுக்கிட்டு வர்ற எடம், 1980கள்ல கண்ட எடத்துலயும் சின்னச் சின்ன மிஷினா நட்டு 5,000க்கு மேல போயிருச்சு. அந்தப் புல்மேட்டுல தரை அணில் ஏகப்பட்டது, அதுக்காகவே கோல்டன் ஈகிள் அங்க வரும். சரிவ ஒட்டித் தாழ்வா வரும், தலைய கீழ குனிஞ்சு ஒவ்வொரு வளையா பாத்துக்கிட்டே வரும், ஒரு அணில் தலைய நீட்டிச்சுனா அவ்வளவுதான், அப்படியே பாயும், பழைய மிஷின்ல பிளேடு தரைக்கு ரொம்பப் பக்கத்துல சுத்துறதால பாயுற வழியிலயே பிளேடு. 2004ல கலிஃபோர்னியா எனர்ஜி கமிஷனுக்குக் குடுத்த அறிக்கை அந்த ஒரு எடத்துல மட்டும் வருஷத்துக்கு 75லேர்ந்து 116 கோல்டன் ஈகிள் சாகுதுன்னு மதிப்பிட்டுச்சு. படிச்சப்ப எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.

இவ்வளவு கூர்மையான கண்ண வெச்சுக்கிட்டு ஏன் பாக்கலங்கறதுதான் எல்லாரும் கேக்கறது. எரை தேடும்போது அது கீழதான் பாக்குது, பாறு கழுகுகள (பிணந்தின்னிக் கழுகு) வெச்சு செஞ்ச ஆய்வுல, தலைய குனிஞ்சா நேர் முன்னாடி வர்றதே அதுக்குத் தெரியாம போயிடுதுன்னு கண்டாங்க. அப்புறம் அந்த பிளேடு, தூரத்துலேர்ந்து மெதுவா சுத்துற மாதிரி இருக்கும், ஆனா நுனி மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல போகும்னு உங்களுக்கே தெரியும். ஓடுற ஃபேன்ல றெக்கை தனியா தெரியாத மாதிரி பக்கத்துல வர வர அதுவும் கலங்கிடும்.

அதனாலதான் நார்வேல ஸ்மோலாங்கற தீவுல ஒண்ணு செஞ்சு பாத்தாங்க. வெண்வால் கழுகு நெருக்கமா கூடு கட்டுற எடம் அது, வேணாம்னு பறவைக்காரங்க முன்னாடியே சொல்லியும் 68 மிஷின் போட்டாங்க, கழுகு விழ ஆரம்பிச்சுது. 2013ல நாலு மிஷின்ல மூணு பிளேடுல ஒண்ண மட்டும் கறுப்பா அடிச்சாங்க, அடிக்காத பக்கத்து மிஷினோட ஒப்பிட்டா சாவு கிட்டத்தட்ட 70 சதவீதம் கம்மி, 2020ல வெளியிட்டாங்க. நாலே நாலு மிஷின்தான், அத வெச்சு எல்லா ஊருக்கும் பெயின்ட் டப்பாவோட கெளம்பிட முடியாது. ஆனாலும் ஒரு பிளேடுக்கு அடிக்கிற பெயின்ட்டு, அத இன்னும் நிறைய எடத்துல செஞ்சு பாக்காம இருக்கறத என்னால ஒத்துக்க முடியல.

உங்க கேள்விக்கு நேரான பதில் ஸ்பெயின்ல இருக்கு. தரீஃபா பக்கம், ஆப்பிரிக்காவுக்குக் கடல் தாண்டற பறவையெல்லாம் வந்து கூடுற எடம், அங்க காத்தாடில பாறு கழுகு நிறைய செத்துக்கிட்டிருந்துச்சு. எங்க எங்க விழுதுன்னு மிஷின் வாரியா எழுதிப் பாத்தா, எல்லா மிஷினும் கொல்லல, கொஞ்ச மிஷின்தான் திரும்பத் திரும்பக் கொல்லுது, அதுவும் வலசை போற மாசங்கள்லதான் அதிகம். சரின்னு ஆள நிறுத்தி, கூட்டம் அந்த மிஷினப் பாத்து வந்தா அத மட்டும் நிறுத்தி, போனதும் திருப்பி ஓட்டினாங்க. சாவு பாதியாச்சு. கரன்ட்டுல போன நஷ்டம் வருஷத்துக்கு 0.07 சதவீதம். ஆயிரம் யூனிட்டுல ஒரு யூனிட்டு கூட இல்ல தம்பி! காத்தாடியா கழுகான்னு கேக்கறவங்ககிட்ட இந்த ஒரு நம்பரச் சொல்லுங்க, யார் வேலையும் போகல. இப்ப ஆளுக்குப் பதிலா கேமராவும் வந்துருச்சு, ஒரு கிலோமீட்டர் தள்ளியே கழுகுன்னு கண்டுபுடிச்சு மிஷினுக்கு சிக்னல் குடுக்கும், அமெரிக்காவுல வயோமிங்ல ஓடுது.

நிலக்கரிக்காரங்க இத வெச்சு ஆதாயம் தேடறாங்கங்கறதும் உண்மைதான். அதுக்காக நாம மூடி மறைச்சா அவங்களுக்குத்தான் இன்னும் வசதி. அமெரிக்காவுல ஈஎஸ்ஐ எனர்ஜிங்கற கம்பெனி, 2012லேர்ந்து அதோட காத்தாடிகள்ல கொறஞ்சது 150 கழுகு செத்திருக்குன்னு 2022ல கோர்ட்ல ஒத்துக்கிட்டு, அபராதமும் இழப்பீடுமா 80 லட்சம் டாலர் கட்டுச்சு. கழுகு சாகற எடத்துல காத்தாடி ஓட்ட அரசாங்கம் குடுக்கற பர்மிட்ட முன்னாடியே வாங்கி ஒழுங்கா செஞ்சிருக்கலாம்.

இப்ப நீங்க செய்யக்கூடியது. செத்த பறவைய தூக்கி ஓரமா போடாதீங்க. கெடக்கற எடத்துலயே வெச்சு போன்ல படம் எடுங்க, மேலேர்ந்து ஒண்ணு, றெக்கை தெரியற மாதிரி ஒண்ணு, மிஷின் லொகேஷன் நம்பர், தேதி, நேரம், டவர்லேர்ந்து எத்தன அடி தள்ளி, அன்னிக்கு காத்து எந்தப் பக்கம், எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதுங்க, வனத்துறைக்குச் சொல்லுங்க, ஒரு சிறகக்கூட வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க. நரியும் நாயும் ராத்திரியே இழுத்துட்டுப் போயிடும், அதனால நீங்க பாக்கறது நெசத்துல விழுந்ததவிட கம்மியாத்தான் இருக்கும், காலையில முதல் ரவுண்டுல பாக்கறதுதான் நல்லது. பறவை எதுவும் இல்லாத நாளும் எழுதணும், அது ரொம்ப முக்கியம், தேடியும் இல்லங்கறதும் தேடவே இல்லங்கறதும் வேற வேற. ஷிஃப்ட்டுல இருக்கற மத்தவங்களும் சேந்தா ஒரு வருஷத்துல எந்த நம்பர் திரும்பத் திரும்ப வருதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிரும்.

இத நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. 2024ல தமிழ்நாடு அரசு பழைய காத்தாடிய எடுத்துட்டுப் புதுசு போட ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு, உங்க பக்கத்து சின்ன மிஷினுக்கெல்லாம் இனி அந்தப் பேச்சு வரும், எது எங்க நிக்கணும்னு முடிவு பண்றது அப்பத்தான். ஆல்ட்டமான்ட்லயும் இதத்தான் செஞ்சாங்க, பழசு நூத்துக்கணக்குல போயி பெருசு கொஞ்சமா வந்துச்சு, ஆனா கழுகு போற வழியில, ரெண்டு மேட்டுக்கு நடுவுல இருக்கற பள்ளத்துல கொண்டுபோயி நட்டா புதுசும் கொல்லத்தான் செய்யும், அங்க சாவு முழுசா நிக்கல. உங்க ஊர்ல அந்தப் பள்ளம் எதுன்னு ஆபீஸ்ல மேப்ப விரிச்சு உக்காந்தவங்களுக்குத் தெரியாது, தெனமும் அடியில நிக்கற உங்களுக்குத்தான் தெரியும். ஒரு வருஷ நோட்டு கையில இருந்தா உங்க சூப்பர்வைசரே அத மேல கொண்டுபோக முடியும், அவரோட சண்ட போடாதீங்க, அவரையும் சேத்துக்கோங்க.

எந்தப் பறவைன்னு தெரியலன்னா படத்த எனக்கு மெயில் பண்ணுங்க, பறவை பாக்கற நண்பர்கள்கிட்ட கேட்டு அன்னிக்கே சொல்றேன்.