வானம் பறித்தால் பாதி களி, பாதி மணல்: வீடு கட்டலாமா?

கேள்வி: நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே வயலை ஒட்டி எங்கள் மனை இருக்கிறது. வீடு கட்ட நாலரை அடி வானம் (அஸ்திவாரக் குழி) பறித்தோம். மேற்குப் பக்கம் கறுப்புக் களி, கிழக்குப் பக்கம் சுத்தமான ஆற்று மணல். பாமணியாறு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஓடுகிறது. "களிப் பக்கம் மட்டும் இரண்டடி கூட்டித் தோண்டினால் போதும்" என்கிறார் கொத்தனார். போதுமா? அந்த மணலைப் பூச்சு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: போதாது. கான்கிரீட் போடுவதைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள்.

முதலில் அந்த மணல் ஆறு கொண்டு வந்ததா, ஆள் கொண்டு வந்து கொட்டியதா என்று பார்த்துவிடுவோம். குழியின் சுவரைக் கொத்துக் கரண்டியால் ஒரு முழ அகலத்துக்கு வழித்துச் சுத்தம் செய்யுங்கள். வெயில் சாயும் நேரத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். மெல்லிய கோடுகள் ஒரே பக்கமாகச் சரிந்து, அடுக்கடுக்காக, இடையில் காக்காப்பொன் மினுக்கினால் அது ஆறு போட்ட மணல். கோடுகள் இறங்குகிற பக்கம்தான் அன்றைக்குத் தண்ணீர் ஓடிய பக்கம், ஏறத்தாழ. கோடே இல்லை, செங்கல் துண்டும் ஓட்டுச் சில்லும் பாலிதீன் பையும் கலந்து கிடக்கிறது என்றால் யாரோ குளத்தைத் தூர்த்திருக்கிறார்கள். அப்படியானால் கீழே நான் சொல்வது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. உடனே எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.

ஆற்று மணல்தான் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஓடும் ஆற்றின் மணல் உங்கள் மனைக்கு எப்படி வந்தது? கல்லணைக்குக் கீழே கடல் வரைக்கும் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம்கூடக் கிடையாது. இவ்வளவு தட்டையான நிலத்தில் ஆறு தன் சுமையைத் தூக்கிக்கொண்டு போக முடியாமல் வழியிலேயே இறக்கிவைக்கிறது. வெள்ளத்தில் கரை புரளும்போது வேகம் சட்டென்று குறையும், கனமான மணல் கரையோரத்திலேயே விழுந்துவிடும். களித்துகள் மட்டும் கலங்கலாகத் தூரத்துப் பள்ளத்துக்குப் போய்த் தேங்கி, நிதானமாகப் படியும். இப்படியே பல நூறு வருஷம் போனால் கரை உயரும், ஆற்றுப் படுகையும் உயரும். டெல்டாவில் ஆறு மேட்டில் ஓடுவதும், ஆற்றங்கரையிலிருந்து வயலுக்கு நாம் இறங்கிப் போவதும் அதனால்தான். பழைய ஊர்களும் கோயில்களும் பெரும்பாலும் அந்தக் கரை மேட்டில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பெரியவர்கள் மனை பார்த்த விதம் அது.

மேட்டில் ஓடுகிற ஆறு என்றைக்காவது ஒரு பெருவெள்ளத்தில் கரையை உடைத்துக்கொண்டு பக்கத்துப் பள்ளத்துக்குத் தாவும். பழைய தடம் மணலால் நிரம்பி, மேலே வண்டல் மூடி, வயலாகிவிடும். பழவாறு என்ற பெயரே நம் பக்கத்தில் உண்டு அல்லவா? உங்கள் மனையின் கிழக்குப் பாதி அப்படியொரு ஆறு, மேற்குப் பாதி அதன் கரைக்கு அப்பால் கிடந்த பள்ளம். இதை உறுதிசெய்ய வேண்டுமானால் இஸ்ரோவின் புவன் தளத்தில் உங்கள் ஊரின் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முந்தைய கோடை மாதப் படமாக இருந்தால் நல்லது. நேர்நேரான வயல்களுக்கு நடுவே நிறம் மாறி, வளைந்து வளைந்து போகும் பட்டை ஒன்று தெரியும். சர்வே புலப்படத்தில் வரப்புகள் காரணமில்லாமல் வளைந்திருந்தால் அதுவும் ஒரு துப்பு.

இப்போது வீட்டுக்கு வருவோம். களி மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். உளுந்து எடுத்த வயலில் கால் நுழையும் அளவு வெடிப்பு விடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே மண்தான். மணல் அப்படி ஆடாது. ஒரே வீட்டில் ஒரு பாதி ஏறி இறங்க, மறு பாதி அசையாமல் நிற்க, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். கொத்தனார் சொல்கிற இரண்டடிக்குக் கீழேயும் களிதான் இருக்கும் என்றால் தோண்டியும் பயனில்லை.

அதனால் நாலு மூலையிலும் நடுவிலும் கைத்துளைப்பானால் பதினைந்து இருபது அடி இறக்கி, அடிக்கு ஒரு பிடி மண் எடுத்து வரிசையாகச் சாக்கில் வையுங்கள். ஈரப்படுத்தி விரலிடுக்கில் நாடாவாகப் பிதுக்குங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் அறுபடாமல் நீண்டால் நல்ல களி. களி எங்கே முடிகிறது, மணல் எங்கே தொடங்குகிறது என்ற கோடு மனையில் கிடைத்துவிடும். மனையில் இடம் இருந்தால் வீட்டையே முழுக்க மணல் பக்கம் தள்ளிக்கொள்ளுங்கள், செலவு மிச்சம். இடமில்லை என்றால் முறையான மண் பரிசோதனை செய்து, அடியில் குமிழ் விட்ட பைல், அதாவது துளையிட்டு மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண், போடச் சொல்லுங்கள். இப்படி உப்பிச் சுருங்கும் கரிசலுக்கென்றே ரூர்க்கி கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய முறை அது. ஆழமான களியில் குறைந்தது மூன்றரை மீட்டர் இறங்க வேண்டும், ஏனென்றால் மழையும் வெயிலும் ஆட்டுவது அந்த ஆழத்துக்கு மேலே இருக்கிற மண்ணைத்தான். மணலிலும் நிலத்தடி நீர் ஐப்பசியில் எவ்வளவு மேலே வருகிறது என்று அக்கம்பக்கத்துக் கிணற்றில் கேட்டு வையுங்கள்.

மணலைப் பற்றி: கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், முக்கால் வரை உப்புத் தண்ணீர், நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் விடுங்கள். மேலே படியும் வண்டல் மணல் உயரத்தில் எட்டு சதவீதத்தைத் தாண்டினால் பூச்சுக்கு வேண்டாம், தரை நிரப்ப வைத்துக்கொள்ளுங்கள். லாரியில் ஏற்றி விற்க மட்டும் நினைக்காதீர்கள். உங்கள் மனையில் இருந்தாலும் அது சிறுகனிமம், அனுமதி வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மணல் பட்டையில் நல்ல குடிநீர் கிடைக்க வாய்ப்பு அதிகம், கைப்பம்பை அங்கே இறக்குங்கள். ஆனால் அதே மணலில் செப்டிக் டேங்க் வைத்தால் கழிவுநீர் தடையில்லாமல் பம்புக்கே வந்துவிடும். டேங்கைக் களிப் பக்கம், வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி, பம்பிலிருந்து ஐம்பது அடிக்குக் குறையாமல் வையுங்கள்.