'சர்கார்' (2018): அரசியல் த்ரில்லராக எங்கே ஜெயிக்கிறது, எங்கே சறுக்குகிறது?

முதல் பாதிதான் படத்தின் பலம். வாக்களிக்க அமெரிக்காவிலிருந்து வரும் கார்ப்பரேட் முதலாளி (விஜய்), தன் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டதை அறிந்து அப்படிப்பட்டவருக்கும் வாக்களிக்க வழிதரும் 49பி (49P) என்ற தேர்தல் விதியைக் கையில் எடுக்கிறார். கள்ள ஓட்டு நம் ஊரில் பழகிப்போன சங்கதி. அதற்கு ஒரு விதி இருப்பதே பலருக்குப் படம் பார்த்துத்தான் தெரிந்தது. அந்த வகையில் இயக்குநர் முருகதாஸ் பிடித்த நூல் அபாரம்.

ஆனால் விதியின் நடைமுறையைப் படம் ஊதிப் பெருக்குகிறது. 1961 தேர்தல் நடத்தை விதிகளின்படி, அடையாளத்தை நிரூபித்தால் வாக்குச்சாவடி அலுவலர் இயந்திரத்தில் ஓட்டுப்போட விடமாட்டார். காகிதச் சீட்டுதான் தருவார். 'ஆய்வுக்குரிய வாக்கு' எனப்படும் அது தனி உறையில் போகும். வழக்கமான எண்ணிக்கையில் சேராது. முடிவு வந்தபின் உயர் நீதிமன்றத்தில் 45 நாளுக்குள் தேர்தல் மனு போட வேண்டும். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். 2008-ல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் காங்கிரஸின் சி.பி. ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றார்; அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. படத்திலோ மாநிலத்துக்கே மறுதேர்தல், அதுவும் மின்னல் வேகத்தில்!

இரண்டாம் பாதி வழக்கமான மாஸ் படம். வரலட்சுமி நடித்த வில்லி கோமளவல்லி மிரட்டலாக இருந்தும் தாமதமாகத்தான் களத்துக்கு வருகிறார், அதனால் மோதல் சூடு பிடிப்பதற்குள் படம் முடிந்துவிடுகிறது. இலவச மிக்சியை நெருப்பில் வீசும் காட்சி, அப்போதைய ஆளுங்கட்சியான அதிமுகவின் எதிர்ப்பால் வெளியானபின் வெட்டப்பட்டது. கதைக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை.